பேரனுக்குக் கார்டியன் ஆன கதை

மகள் இறந்துபோனபோது பேரனுக்கு ஒன்பது வயது. மருமகன் வளைகுடாவில், மறுமணமும் ஆகிவிட்டது. பையன் தக்கலையில் எங்களோடுதான். நாம்தானே வளர்க்கிறோம், அப்புறம் காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன். மகளின் வைப்புத்தொகையில் அவன் பங்கைக் கேட்டபோதுதான் வங்கியில், ‘நீங்க சட்டப்படி கார்டியன் இல்லையே’ என்றார்கள்.

நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அதனால் மனு என் மனைவி பெயரில். கார்டியனை நியமிப்பதற்கான 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி (Guardians and Wards Act), பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். அதற்குப் பள்ளிச் சான்றிதழ் உதவியது. தகப்பன் இருக்கையில் அவருக்குத்தான் முதல் உரிமை. ஆறு மாதம் பேசாதிருந்த மருமகனுக்கு நானே போன் போட்டேன். ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தந்தார்.

நீதிபதி பையனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவன், ‘பாட்டா, யாருகூட இருக்கணும்னு கேட்டாவ. ஆச்சிகூடன்னு சொன்னேன்’ என்றான். என்னைச் சொல்லவில்லை. சரி, போகட்டும்.

உத்தரவு வந்தாலும் அவன் பேரிலுள்ள நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி தனியாக வாங்க வேண்டுமாம். சான்றிட்ட நகல் மூன்று எடுத்தோம்: வங்கிக்கு, பள்ளிக்கு, பீரோவுக்கு.