‘போல’ வந்தால் உவமையா? அணியிலும் நயத்திலும் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

“மழை வரும் போல இருக்கு. இதில் என்ன அணி?” என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் விளையாட்டாகக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. “உவமையணி சார். ‘போல’ வந்திருக்கே.”

அவன்மேல் குற்றமில்லை. போல, புரைய, ஒப்ப, உறழ என்று உருபுகளை ஒப்பிக்க வைத்து, இதில் ஒன்று கண்ணில் பட்டால் உவமை என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். மழை வரும் போல இருக்கு என்பதில் எதற்கும் எதையும் ஒப்பாகச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்து ஓர் ஊகம், அவ்வளவுதான். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்ற குறளில் நிலம் இருக்கிறது, இகழ்வாரைப் பொறுப்பவர் இருக்கிறார், இருவருக்கும் பொதுவாகப் பொறுமை இருக்கிறது. இந்த மூன்றையும் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் உவமை.

உருபைத் தேடும் பழக்கம் இன்னொரு பக்கமும் கவிழ்க்கும். ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளில் போல இல்லை. உவமை ஒரு தொடராகவும் சொல்ல வந்த பொருள் இன்னொரு தொடராகவும் நிற்க, நடுவில் உருபு மறைந்திருக்கிறது. அதனால் எடுத்துக்காட்டு உவமையணி. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ குறளிலும் போல இல்லை. உடனே அதையும் எடுத்துக்காட்டு உவமை என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே மயிலிறகு ஏற்றிய வண்டியும் முறியும் அச்சும் மட்டும்தான் உண்டு. எளியவர் என்று நினைத்த பகைவர்கூடப் பலராகச் சேர்ந்தால் வலியவனும் தாங்கமாட்டான் என்ற செய்தியை வள்ளுவர் சொல்லவே இல்லை, நம் ஊகத்துக்கு விட்டுவிட்டார். உவமையை மட்டும் சொல்லிப் பொருளை மறைத்தால் பிறிதுமொழிதல். எனவே கேட்க வேண்டிய கேள்வி உருபு எங்கே என்பதல்ல, பொருள் எங்கே என்பது.

உருவகத்தில் தடுக்குவது சொல்வரிசையில். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர், உருவகம். வகுப்பில் தேன்மொழியோ கயல்விழியோ இருந்தால் வேலை சுலபம்; அந்தப் பெயர்களே உவமைத்தொகையில் பிறந்தவை. பெயரைத் திருப்பிப் போட்டு, விழிக்கயல் என்றால் என்ன ஆகும் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள்.

பெயர்களைப் பிரித்துப் பார்க்காததுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். தற்குறிப்பேற்ற அணியை ‘தற்குறி – பேற்றம்’ என்று பிரித்து வாசித்த பிள்ளைகள் உண்டு. கைநாட்டு வைப்பவரைத் தற்குறி என்போம். பாவம், அவருக்கு இங்கே இடமில்லை. தன் குறிப்பு ஏற்றம்: இயல்பாக நடப்பதன்மேல் புலவர் தன் குறிப்பை ஏற்றுகிறார். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. அசைத்தது காற்று. ஆனால் இளங்கோவடிகளுக்கு அவை ‘வாரல்’ என்று, வராதீர்கள் என்று, கைகாட்டுவதாகத் தோன்றுகிறது. இதேபோல ஏகதேசம் என்றால் ஒரு பகுதி. ‘பிறவிப் பெருங்கடல்’ என்று பிறவியைக் கடலாக்கியவர் இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டார், ஆகவே ஏகதேச உருவகம்.

தேர்வுத்தாளில் அணியின் இலக்கணத்தையும் குறளையும் எழுதிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வதும் வழக்கம். பொருத்தம்தான் விடை. ‘கடல், பிறவி, அடி’ என்று எது எதுவாயிற்று, எது ஆகவில்லை என்று காட்டாத வரை புரிந்ததற்கு அத்தாட்சி கிடையாது.

உள்ளத்து உணர்வு மெய்யில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. அந்த எட்டு மெய்ப்பாடுகளில் நடக்கும் கூத்து தனி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று வரிசை மாறாமல் சொல்வார்கள். பொருள் கேட்டால், இளிவரல் என்பது பல்லை இளிப்பது, மருட்கை என்பது மிரட்டுவது, பெருமிதம் என்பது தற்பெருமை. இளிவரல் இழிவு கண்டு வரும் அருவருப்பு. மருட்கை வியப்பு. பெருமிதம் வீரத்தையும் உள்ளடக்கியது. பேச்சுவழக்கில் இருக்கும் சாயலை நம்பிப் பழஞ்சொல்லுக்குப் பொருள் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

கருப்பொருளும் அப்படியே. இன்று ‘கதையின் கருப்பொருள் யாது?’ என்றால் மையக்கருத்தைக் கேட்கிறார்கள். அகத்திணைப் பாடத்தில் அதே சொல்லுக்குத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ், தொழில் முதலியவை பொருள். குறிஞ்சியின் கருப்பொருள் கேட்டதற்கு ‘காதல்’ என்று எழுதியவன் முட்டாள் அல்ல. அவன் எழுதியது உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்கு உரிய ஒழுக்கம். எந்தப் பாடத்தில் நிற்கிறோம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

எதுகையில் ஒரு சின்ன விஷயம்: இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். பட்டு – கட்டு எதுகை. பட்டு – பாட்டு ஆகாது. முதலெழுத்து ஒன்றிவரும் மோனையில் இதற்கு நேர்மாறு, இன எழுத்துகளுக்கும் இடமுண்டு. அ வந்த இடத்தில் ஆ, ஐ, ஔ வரலாம்.

நயம் பாராட்டலுக்கு வருவோம். ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’, ‘குயவனுக்குப் பானை, செய்யுளுக்கு மோனை’ என்று கையேட்டு வரிகளை இறக்கிவிட்டு, பாடலிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுத்துக் காட்டாத விடைகளை நிறையப் பார்த்தாயிற்று. எந்தப் பாடலுக்கும் பொருந்தும் விடை எந்தப் பாடலையும் படிக்காத விடை. திரண்ட கருத்து என்ற தலைப்பிலும் மையக்கருத்து என்ற தலைப்பிலும் ஒரே வாக்கியத்தைக் கொஞ்சம் கலைத்துப் போட்டு எழுதுவதும் சகஜம். பாடல் முழுவதும் சொல்வதை உங்கள் உரைநடையில் சுருக்கினால் திரண்ட கருத்து. எதற்காக அதையெல்லாம் சொன்னார் என்பது மையக்கருத்து, அதற்கு ஒரு வரி போதும்.

உரைப்பத்தி வினா எளிது என்று விட்டுவிடுகிறார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அகப்பட்ட வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதுவது அங்கே வழக்கம். ஏரிகளைப் பற்றிய பத்தி ஒன்று கொடுத்தேன். நிலத்தடி நீர் எதனால் பெருகுகிறது என்ற கேள்விக்கு ஒரு பெண் எழுதியது: “இதனால் அவை நிலத்தடி நீரைப் பெருக்குகின்றன.” எதனால்? எவை? அவளையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, ‘அவை’யை அடித்துவிட்டு ‘ஏரிகள்’ என்று எழுதினாள். ‘இதனால்’ எதைக் குறிக்கிறது என்று பார்க்க முந்தைய வரிக்குப் போனாள்.