கீழடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்களா?

ஒரே நாளில் நாலு இடம் என்று திட்டம் போடாதீர்கள். நாங்கள் ஒருமுறை அப்படிச் செய்து, நாலாவது இடத்தில் பாதிப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. இரண்டு இடம் போதும்: காலையில் கீழடி, மதியம் திருமலை நாயக்கர் மகால்.

2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகம் மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். அங்கே பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்தால் பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு வருவார்கள். பொருளை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, 'நம் வீட்டில் இன்றும் இருக்கிற மாதிரி மூன்று பொருள் கண்டுபிடித்து வரைந்து வா' என்று சொல்லிப் பாருங்கள். பகடைக்காய், பானை ஓட்டை உரசிச் செய்த வட்டச் சில்லு என்று ஓடி ஓடித் தேடுவார்கள். பாண்டி ஆடுகிற பிள்ளைக்குச் சில்லைப் பற்றி வாத்தியார் விளக்க வேண்டியதே இல்லை. பானை ஓட்டில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறியிருக்கும் 'ஆதன்' என்ற பெயரை முதல் நாளே வகுப்பில் எழுதிக் காட்டிவிடுங்கள். எழுத்துக்கூட்டித் தாங்களே படித்துவிட்டால் அந்தக் குஷியே தனி.

மகால் 1636-ல் கட்டியது. ஒரு தூணைச் சுற்ற எத்தனை பேர் கைகோக்க வேண்டும் என்று எண்ணச் சொல்லுங்கள், கணக்குப் பாடமும் முடிந்தது.

அப்புறம், கிளம்புவதற்கு முன்னால் விடுமுறை நாளையும் மாணவர் கட்டணத்தையும் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும்.