எந்தத் தீவு, எந்த ஊர்? ஹவாயையும் வன்னியையும் கலந்து ஒரு முற்றத்து விளையாட்டு

ஹவாய் என்றால் கழுத்தில் பூமாலை, இடுப்பில் புல்லுப் பாவாடை, கையில் அன்னாசி. இதற்கு மேல் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, பெரியவர்களும் அப்படித்தான். அதைப் பொது அறிவுப் போட்டியாக வைத்தால் சனம் கொட்டாவி விடும். அதையே வட இலங்கையின் வன்னி ஊர்களோடு கலந்து, ஓடிப்போய் நின்று விடை சொல்கிற விளையாட்டாக்கிப் பாருங்கள், போதும் என்று நீங்கள்தான் நிறுத்த வேண்டி வரும். வாசிகசாலை முற்றமோ கோயில் வீதியோ இருந்தால் சரி. கரண்ட் தேவையில்லை. போன்களை மட்டும் தொடங்கும்போதே வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

முதல் வேலை நிலத்தில் படம் கீறுவது. ஒரு தடியால் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, ஹவாய் என்ற அமெரிக்க மாநிலத்தின் முக்கிய தீவுகளுக்கு எட்டு வட்டம் போடுங்கள்: நீஹாவ், கவாய், ஓவாஹு, மொலோகாய், லானாய், காஹோலாவே, மாவி, கடைசியில் எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஹவாய்த் தீவு. லானாயும் காஹோலாவேயும் மாவிக்குக் கிட்ட, கொஞ்சம் தெற்கே தள்ளி வர வேண்டும். தலைநகர் ஹொனலுலு இருப்பது ஓவாஹுவில், பெரிய தீவில் இல்லை, இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு சண்டை குறையும். கொஞ்சம் தள்ளி இன்னொரு படம், எங்கள் பக்கம்: கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியை நீளமாக ஒரு கோடு, அதன் இரு பக்கமும் இரணைமடு, முறிகண்டி, வற்றாப்பளை, நந்திக்கடல், பள்ளிமுனை. மன்னார் வன்னிக்குள் வருமா என்று யாராவது தொடங்குவார்கள். தேர்தல் மாவட்டக் கணக்கில் வரும் என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு விடைக்கும் ஐந்து குறிப்பு எழுதி வையுங்கள். முதல் குறிப்பில் ஓடிப்போய்ச் சரியான வட்டத்தில் நிற்பவரின் அணிக்கு ஐந்து புளியங்கொட்டை, இரண்டாவதில் நான்கு, அப்படியே இறங்கி வரும். பிழையான வட்டத்தில் நின்றால் அந்தச் சுற்று முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் தண்டனை. பெரிய விதி ஒன்றே ஒன்று: விடை ஒருபோதும் "ஹவாய் மாநிலம்" என்று இருக்கக் கூடாது, எந்தத் தீவு என்றுதான் கேட்க வேண்டும். எரிமலை, கடல், பூமாலை என்று பொதுவாகக் கேட்டால் எட்டுக்கும் பொருந்தும், பிறகு குருட்டடிதான்.

முதல் குறிப்பு இரண்டு மூன்று இடத்துக்குப் பொருந்தினால்தான் விளையாட்டு சூடு பிடிக்கும். உதாரணத்துக்குக் காஹோலாவே. "நினைத்த நேரத்தில் இங்கே போய் இறங்க முடியாது" என்று தொடங்குங்கள். பாதிப் பேர் நீஹாவுக்கு ஓடுவார்கள், அதுவும் நியாயம்தான், அந்தத் தீவை 1864இல் ஒரு குடும்பம் விலைக்கு வாங்கியது, இன்றும் அழைப்பில்லாமல் போக முடியாது. அடுத்தது "எட்டிலும் சிறியது". மூன்றாவது "குடிதண்ணீர் பெரும் பாடு". நான்காவது "இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து 1990 வரை அமெரிக்கப் படைகள் இங்கே குண்டு போட்டுப் பழகின". ஐந்தாவது "துப்புரவாக்கியும் வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன". கடைசிக் குறிப்புக்கு விளக்கம் கேட்கிற பிள்ளை வன்னியில் இருக்காது. மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையையும் மஞ்சள் நாடாவையும் வேலியோரம் பார்த்தவர்கள்தானே.

இன்னொரு நல்ல பொறி 1873. "அந்த வருடம் வெளியிலிருந்து வந்து இங்கேயே வேரூன்றியது" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். மொலோகாய்க்கும் பொருந்தும், மாவிக்கும் பொருந்தும். மொலோகாயின் கலாவுபாபாவில் ஒதுக்கி வைக்கப்பட்ட தொழுநோயாளரோடு வாழ பெல்ஜியப் பாதிரியார் தமியான் வந்தது அந்த வருடம்தான். அதே நோய் அவருக்கும் வந்து 1889இல் இறந்தார், 2009இல் புனிதராக்கினார்கள். மாவியின் லஹைனாவில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஆலங்கன்றை நட்டதும் அதே வருடம், 2023 ஓகஸ்டில் ஊரே எரிந்தபோது அந்த மரமும் கருகி, பிறகு துளிர்விட்டது. இரண்டாவது குறிப்பைப் பாதிரியார் பக்கம் திருப்பினால் மடு மாதா கோயில் பக்கத்துப் பிள்ளைகள் ஒரே பாய்ச்சலில் போய் நிற்பார்கள். மரத்தின் பக்கம் திருப்பினால், அடுத்த கேள்விக்குப் பள்ளிமுனைப் பெருக்கமரத்தை (பாவோபாப்) வையுங்கள், அதுவும் கடல் கடந்து வந்த மரம்தான், அதன் பூர்வீகம் ஆபிரிக்கா.

கவாய்க்குக் குறிப்பு எழுதும்போது யார் விளையாடுகிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் என்றால் வயாலியாலே மலையின் அடைமழையிலிருந்து தொடங்கலாம், பிறகு மற்றத் தீவுகளைப் பிடித்த கமேகமேகா அரசன் இதைப் போரால் பிடிக்க முடியாமல் 1810இல் பேச்சுவார்த்தையில் சேர்த்துக்கொண்ட கதை. ஆனால் "இங்கே ஒரு சைவ ஆதீனம் உண்டு, அதை நிறுவிய அமெரிக்கர் 1949இல் கொழும்புத்துறை யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்றவர்" என்ற குறிப்பைக் கடைசிவரை வெளியே விடாதீர்கள். பிள்ளைகள் முழித்துக்கொண்டு நிற்கும்போதே பின்னால் கதிரையில் இருக்கிற அம்மம்மா விடையைச் சொல்லிவிடுவார்.

ஹவாய்த் தீவுக்கு மவுனா கியா மலையே போதும். கடல் மட்டத்துக்கு மேல் 4,207 மீற்றர், கடலடியிலிருந்து அளந்தால் 10,000 மீற்றருக்கும் மேல், மாரியில் உச்சியில் பனி கொட்டும். "ஹவாயில் பனியா, சும்மா விடாதீங்கோ" என்று யாரும் மல்லுக்கு நின்றால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வன்னிக் கேள்விகளில் வயது வித்தியாசம் நன்றாக வேலை செய்யும். "ஏ9இல் போகிற வாகனமெல்லாம் இங்கே நிற்கும்" என்றால் பெரியவர்கள் போர்க்காலச் சோதனைச் சாவடியின் பழைய நினைவில் ஓமந்தை என்று படத்தில் இல்லாத ஊரைக் கத்துவார்கள், சின்னவர்கள் நேரே முறிகண்டிக்கு ஓடுவார்கள். முறிகண்டிப் பிள்ளையாரும் அங்கே விற்கிற கச்சானும் (நிலக்கடலை) இரண்டாவது குறிப்பில் வந்தால் எல்லாம் முடிந்தது, ஆகவே அவற்றைப் பின்னுக்குத் தள்ளுங்கள். வற்றாப்பளைக்கு அம்மன் கோயிலின் உப்புநீர் விளக்கும் அப்படித்தான், ஐந்தாவதாக மட்டும்.

இடையில் ஒரு திசைச் சுற்று வையுங்கள், ஆட்கள் களைத்த நேரத்துக்கு நல்லது. ஹவாயில் வழி சொல்லும்போது வடக்கு தெற்கை விட மலைப்பக்கம், கடல்பக்கம் என்றுதான் அதிகம் சொல்வார்கள். அதே மாதிரி, ஒருவர் தன் வீட்டிலிருந்து ஓர் இடத்துக்குக் குளக்கட்டுப் பக்கம், வயல் பக்கம், மதகடி என்று மட்டும் சொல்லி வழிகாட்ட, மற்றவர்கள் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைப் பெயர் சொன்னால் ஆட்டமிழப்பு.

பண்பாட்டுக் கேள்விகளைக் குறைவாக, ஆனால் கவனமாக வையுங்கள். ஹூலாவை இடுப்பை ஆட்டிக் காட்டிச் சிரிக்கிற நடிப்பாக்க வேண்டாம், அது பாட்டுக்குப் பொருள் சொல்லி ஆடுகிற ஆட்டம், எங்கள் அபிநயம் மாதிரி. அந்தப் புல்லுப் பாவாடைகூட 19ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான். உக்குலேலே என்ற சின்னத் தந்தி வாத்தியத்துக்கு "1879இல் மதேராவிலிருந்து வந்த போர்த்துக்கேயரின் வாத்தியத்திலிருந்து பிறந்தது" என்று சொல்லுங்கள், யாராவது எங்கள் ஊர்ப் போர்த்துக்கேய வழி வந்த பைலா என்பார்கள், அதற்கு அரைப் புள்ளி கொடுத்தால் குற்றமில்லை. சேம்புக் கிழங்கை அவித்து இடித்துச் செய்கிற போய் என்ற களிக்கு, அதன் தடிப்பைப் பொறுத்து ஒரு விரலாலா இரண்டு விரலாலா மூன்று விரலாலா அள்ளுவது என்று விரலைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டு அணியும் சமமாக வந்தால் ஹவாயின் மாநில மீனின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்: ஹுமுஹுமுநுக்குநுக்குஆப்புவாஆ. ஒரே மூச்சில், கொன்னாமல், மூன்று தரம்.