வெளிநாடு கிளம்புகிறவர்கள் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போகிற தவறுகள்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்து ஆட்களைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஏற்றி அனுப்புவதும், சில நேரம் குழுவோடு கூடவே போவதும் என் தொழில். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் போன இடத்தில் எக்குத்தப்பாக ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்கிற விஷயத்தில், புதிதாகக் கிளம்புகிறவர்கள் நான் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அப்படியே அடிக்கிறார்கள்.

சுகரை மறைத்து இன்சூரன்ஸ் எடுப்பது

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கும், அப்பாவும் அம்மாவும் கிளம்புவார்கள். இன்சூரன்ஸ் பாரத்தில் ஏற்கெனவே நோய் உண்டா என்று ஒரு கேள்வி வரும். அப்பாவுக்குப் பல வருஷமாகச் சுகரும் பிரஷரும் உண்டு என்பது தெருவுக்கே தெரியும். "உண்டுன்னு போட்டா பிரீமியம் கூடும், டெஸ்ட் எடுக்கச் சொல்லுவான், இல்லைன்னே போடுங்க அண்ணே" என்பார் மகன். சில இடங்களில் பாரம் நிரப்புகிறவர் கேட்பதுகூட இல்லை, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று தட்டிவிட்டு ஓடிபி மட்டும் கேட்பார். அந்த ஓடிபியைச் சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான் என்று யாரும் அப்பாவிடம் சொல்வதில்லை.

குழித்துறைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற ஒரு பெரியவர் இப்படித்தான் சிங்கப்பூர் போனார். "ஒண்ணும் வராது மக்கா, நான் தெனமும் தோட்டத்துல நடக்கியவன்" என்று என்னிடமே சொன்னார். அங்கே ஒரு ராத்திரி நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். டாக்டர் முதலில் கேட்டதே சுகர் உண்டா, எத்தனை வருஷமாக, என்ன மாத்திரை என்றுதான். உயிர் போகிற நேரத்தில் யார் பொய் சொல்லுவார்? சொல்லவும் கூடாது, டாக்டரிடம் மறைத்தால் அதற்கு விலையே வேறு. மகள் மாத்திரை டப்பாவையே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அது கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியில் மேலேயே, நீண்ட காலச் சர்க்கரை நோயாளி என்று வந்து உட்கார்ந்துகொண்டது. கிளெய்ம் போட்டதும் கம்பெனி கேட்டது அந்தச் சம்மரியைத்தான். பாரத்தில் 'இல்லை', சம்மரியில் 'நீண்ட காலமாக'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், கிளெய்ம் அதோடு சரி.

சிங்கப்பூரில் அரசு ஆஸ்பத்திரியாகவே இருந்தாலும் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு மானியம் கிடையாது, முழுக் கட்டணம்தான். இங்கே தோட்டத்தில் ஒரு பங்கை ஈடு வைத்துப் பணம் அனுப்பினார்கள். மறைத்ததால் மிச்சமான பிரீமியம், அவரை வழியனுப்ப வந்த கூட்டத்துக்கு விமான நிலையத்தில் வாங்கிக் கொடுத்த காபி, வடை காசுகூட வராது.

உண்மையைப் போட்டிருந்தால் முழுப் பணமும் வந்திருக்குமா என்றால், அது பாலிசியைப் பொறுத்தது. பழைய நோயால் வருகிற செலவைப் பல பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கும். சிலது உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும் ஒரு வரம்பு வரை கொடுக்கும். அந்த வரம்பு எவ்வளவு என்பதைத்தான் வாங்குகிறபோது முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும், ஆனால் எல்லாரும் கேட்பது "எவ்வளவு கொறைச்சு வரும்?" என்பதை மட்டும்தான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்பது விதி. அதற்காக உள்ளதிலேயே மலிவான ஒன்றை எடுத்து, விசா அடித்து வந்ததும் அந்தக் காகிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு விமானம் ஏறுகிற ஆட்களும் உண்டு. அதில் ஒரு உதவி எண் இருக்கும். அட்மிட் ஆனதும் அதற்குத்தான் முதலில் கூப்பிட வேண்டும், அவர்கள் ஆஸ்பத்திரியோடு பேசினால்தான் கையிலிருந்து கட்டாமல் சமாளிக்க வழி பிறக்கும். எல்லாம் முடிந்து ஊருக்கு வந்து பில்லை நீட்டினால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்பதில் பேச்சு ஆரம்பிக்கும். அந்த எண்ணைக் கூட வருகிறவரின் போனிலும் ஏற்றுங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவர் போன் லாக்கைத் திறந்து தரமாட்டார்.

கார்டு இருக்கிறது என்ற தைரியம்

ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 மார்ச் 16 முதல் புதிதாகக் கொடுக்கிற கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும், வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் திறந்துவிட வேண்டும். அதை அங்கே போய், ஏடிஎம் முன்னால் நின்று, திறக்கப் பார்ப்பார்கள். அதற்கு ஓடிபி வேண்டும், ஓடிபி வருவதற்கு ஊர் சிம்மில் ரோமிங் வேண்டும், அந்த சிம்மோ விமானத்திலேயே கழற்றிப் பர்ஸுக்குள் போனது. அப்புறம் கார்டைத் தொலைத்தால் முடக்கக் கூப்பிட வேண்டிய எண் எங்கே அச்சாகியிருக்கிறது? கார்டின் பின்பக்கம். ஒரு தாளில் எழுதி வேறொரு பையில் வையுங்கள். இரண்டாவது கார்டும் கொஞ்சம் டாலரும் அந்தப் பையிலேயே இருக்கட்டும்.

மாத்திரையும் மசாலாவும்

மாத்திரை கைப்பையில்தான். பெட்டி வராமல் போகலாம், இன்சுலின் சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் உதவாது. டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். குளைக்கோமெட் என்றால் எல்லா ஊரிலும் புரியாது, மெட்பார்மின் என்றால் புரியும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் இரண்டும் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை, முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள்.

கசகசாவும் அங்கே தடை, வேண்டவே வேண்டாம். அம்மா அரைத்துத் தந்த கறிமசாலாவில் இருந்தாலும்.

108

அது அங்கே எடுக்காது. ஐரோப்பாவில் 112, அமெரிக்காவில் 911, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, மலேசியாவில் 999. அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998.

பெட்டி வரவில்லையா

புகார் கொடுக்காமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பெட்டி உடைந்து வந்திருந்தால், கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதமாக வந்ததற்கு 21 நாள்.

பாஸ்போர்ட் தொலைந்ததும் தூதரகத்துக்கு ஓடுவது

முதலில் போலீஸ். அந்தப் புகார் நகல் இல்லாமல் போனால் தூதரகத்தில் திருப்பித்தான் அனுப்புவார்கள். அங்கே அவசரச் சான்றிதழ் தருவார்கள், அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும், ஒரு வழிதான். மலேசியாவில் தொலைத்துவிட்டு அதை வைத்துக்கொண்டு அடுத்து சிங்கப்பூர் போக முடியாது. அது கையில் வந்ததும் மறுநாளைக்கே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள், அதிலும் அவசரப்படக் கூடாது. பல நாடுகளில் குடியேற்ற அலுவலகத்தில் வெளியேற அனுமதி வாங்க வேண்டியிருக்கும், நீங்கள் எப்போது உள்ளே வந்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள். முதல் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிற பலர் விசாவையும் நுழைவு முத்திரையையும் எடுப்பதில்லை. முத்திரை குத்தி வாங்கியதும் அங்கேயே ஓரமாக நின்று ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளைப் பின்னணியில் எடுத்த நாலு புகைப்படமும் பையில் கிடக்கட்டும்.

தொலைந்தது என்று எழுதிக் கொடுக்கும்முன் பெட்டியின் பக்கவாட்டு ஜிப், கழற்றிப் போட்ட கோட்டு, ஓட்டல் ரிசப்ஷன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொலைந்ததாகப் பதிவாகி ரத்தான பாஸ்போர்ட் மறுநாள் தலையணைக்கு அடியில் கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்ய முடியாது. கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் அதைக் கவுண்டரில் நீட்டினால் அன்றைய விமானம் உங்களை விட்டுவிட்டுத்தான் கிளம்பும்.