ஒரு சாயங்காலம்தானே போர்த்தினேன்!

போன வாரம் தங்கை மகள் தன் கம்பளிச் சால்வையை மடித்து பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "துவைச்சியா?" என்றேன். "ஒரே ஒரு சாயங்காலம்தானே பெரியம்மா போர்த்தினேன்!" என்றாள். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். ஈரத்தோடு மடிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிட்டு, கம்பளித் துணியை எடுத்து வைப்பதில் நாம் செய்கிற மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

உடுத்தியதை அப்படியே உள்ளே வைப்பது

துணியை அரிப்பது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வளர்ந்த பூச்சி எதையும் தின்பதே இல்லை. கம்பளி, பட்டு, ரோமம், இறகு எல்லாம் புழுவுக்கு இரைதான். ஆனால் சுத்தமான கம்பளியை மட்டும் தின்று அது சரியாக வளராது. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் சேர்ந்தால்தான் அதற்கு விருந்து.

என்னுடையது மெரூன் சால்வை. தேநீர் ஒரு துளி சிந்தியது. துடைத்துவிட்டு மடித்து வைத்தேன். ஏழு மாதம் கழித்து விரித்தால், கழுத்தில் உரசும் விளிம்பிலும் அந்தத் துளி விழுந்த இடத்திலும் ஓட்டை. மற்ற இடமெல்லாம் புத்தம் புதுசு. ஓட்டையின் ஓரத்தில் மணல் போல ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் புழுவின் எச்சம், அதுவும் மெரூன் நிறத்தில்! தின்ற சாயம் அப்படியே வெளியே வந்திருக்கிறது. ஓட்டையை அடைக்க, இழையோட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அந்தப் பெரியவர் கையில் வாங்கியதுமே, "துவைக்காம வெச்சீங்களாம்மா?" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

போனது சால்வை மட்டுமில்லை. ஒரு பெண் பூச்சி நாற்பது, ஐம்பது முட்டை இடும். பக்கத்தில் துவைத்து வைத்திருந்த ஸ்வெட்டருக்கும் புழு நகர்ந்திருந்தது. தண்ணீரில் போட முடியாத துணியென்றால் ட்ரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். முட்டையும் புழுவும் அதில் செத்துவிடும்.

அந்துருண்டை இருக்கிறதே என்று நினைப்பது

அதன் ஆவி அடர்ந்து நின்றால்தான் புழு சாகும். தினமும் திறந்து மூடுகிற பீரோவில் மிஞ்சுவது வாடை மட்டும். கைக்குழந்தையின் துணியோடு அதை வைக்கவே கூடாது. ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

பறந்த பூச்சியை அடித்துவிட்டு நிம்மதியாவது

பறப்பது பெரும்பாலும் ஆண். முட்டையிடுகிறவள் மடிப்புக்குள் ஓடி ஒளிந்திருப்பாள்.

பருத்திக்காகக் கவலைப்படுவது

சுத்தமான பருத்தியை இந்தப் புழு சீண்டாது. கஞ்சி போட்டதை அரிப்பது ராமபாணப்பூச்சி. அது வேறு வழக்கு.

ஃப்ரீசரில் ஒரு ராத்திரி மட்டும் வைப்பது

புழுவும் முட்டையும் சாக அது போதாது. பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வருமுன் பிரித்தால் துணியெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும்.