ஆப்பிரிக்காவின் தென்பகுதி ஸ்ட்ரைக்கர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர் தங்கள் கட்டுரைகளை வெளியிடுவதற்கு முன் எனக்கு அனுப்பிவைப்பது உண்டு. அண்மையில் வந்த மூன்று கட்டுரைகளில் இரண்டு, 2012-ல் நான் செய்த தவற்றை, ஏறக்குறைய நான் எழுதிய அதே வாக்கியத்திலேயே மீண்டும் செய்திருந்தன. பிறந்த ஆண்டைச் சரிபார்ப்பது, பெயரைக் கட்டுரை முழுவதும் ஒரே விதமாக எழுதுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் போட்டியில் அடித்த கோல் என்று கேளாமல் எண்ணிக்கையை எடுப்பது

சாம்பியாவின் காலின்ஸ் எம்பெசுமா 2004–05 பருவத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் கைசர் சீஃப்ஸ் கழகத்துக்காக 35 கோல்கள் அடித்தார் என்பது அங்கே சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அந்த 35 லீக்கிலும் கோப்பைப் போட்டிகளிலும் சேர்த்து அடித்தவை. லீக்கில் மட்டும் அடித்தவை 25. தென்னாப்பிரிக்காவில் ஒரு பருவத்துக்குள் லீக்கோடு நாக்அவுட் கோப்பைகளும் நடப்பதால், ஒரே வீரருக்கு இரண்டு எண்கள் புழங்குகின்றன. இரண்டும் உண்மையானவை, ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

2012-ல் தென்னாப்பிரிக்காவின் சியாபோங்கா நோம்வெத்தே மொரோக்கா ஸ்வாலோஸ் கழகத்துக்காக லீக்கில் 20 கோல்கள் அடித்து, 34 வயதில், அதிக கோல் அடித்தவருக்கான விருதைப் பெற்றார். அவரைப் பற்றி ஒரு விளையாட்டு இதழுக்கு எழுதிய நான், அந்த 20-க்குப் பக்கத்தில் எம்பெசுமாவின் 35-ஐ வைத்து ஓர் அட்டவணை போட்டு, "பாதிக்குச் சற்றே கூடுதல்" என்று ஏளனமாக ஒரு வரியும் சேர்த்தேன். டர்பனில் வாழும் வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது. லீக்கை லீக்கோடு ஒப்பிட்டால் இடைவெளி ஐந்தே கோல்கள்தான் என்பதை அவர் ஒரே வரியில் காட்டியிருந்தார். இதழ் வருத்தம் தெரிவித்தது. பேசி முடித்திருந்த எனது பத்துப் பகுதித் தொடர் அத்தோடு நின்றது. தொடர் போனதைவிட, முப்பத்து நான்கு வயதில் ஒருவர் செய்த அரிய வேலையைத் தப்பான கணக்கால் சிறுமைப்படுத்தினேனே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது வந்த கட்டுரைகளில் நோம்வெத்தேயின் இடத்தில் நமீபியாவின் பீட்டர் ஷலுலீலே நிற்கிறார். மாமெலோடி சண்டவுன்ஸ் கழகத்துக்காக 2021–22 பருவத்தில் அவர் லீக்கில் 23 கோல்கள் அடித்தார். 23-க்கு எதிரே அதே 35, அதே ஏளனம். எண்ணைப் பார்த்ததும், அது லீக் எண்ணா, எல்லாப் போட்டிகளின் கூட்டுத்தொகையா என்று பக்கத்தில் எழுதிக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகாதே என்று எனக்குக் கோபம் வருகிறது.

லீக்கையும் லீக்கையும் ஒப்பிடும்போதுகூட ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் முதல்நிலை லீக்கான பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய 1996–97 பருவத்தில் சிம்பாப்வேயின் வில்பிரட் முகேயி 22 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றபோது 18 கழகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 34 ஆட்டங்கள் ஆடின. எம்பெசுமாவின் காலத்தில் கழகங்கள் 16, ஆட்டங்கள் 30.

இந்தக் குழப்பத்தின் உச்சம் சாம்பியாவின் காட்ஃப்ரி சிட்டாலு. ஓராண்டில் 85 கோல்கள் என்ற ஜெர்மானிய வீரர் கெர்ட் முல்லரின் 1972-ஆம் ஆண்டுச் சாதனையை மெஸ்ஸி 2012-ல் முறியடித்தபோது, அதே 1972-ல் சிட்டாலு 107 கோல்கள் அடித்திருக்கிறார் என்று சாம்பியக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. உள்நாட்டுப் போட்டிகளின் கணக்கைத் தான் வைத்திருப்பதில்லை என்று ஃபிஃபா ஒதுங்கிக்கொண்டது. ஆகவே 107-ஐ எழுதலாம், எழுதவும் வேண்டும். யார் சொல்லும் கணக்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆண்டையும் பருவத்தையும் ஒன்றாக எண்ணுவது

தென்னாப்பிரிக்க லீக் ஆகஸ்டில் தொடங்கி மறு ஆண்டு மே மாதவாக்கில் முடிகிறது. சிம்பாப்வேயில் பருவம் ஒரே ஆண்டுக்குள் தொடங்கி முடிகிறது. சாம்பியாவும் அண்மைக்காலம் வரை அப்படித்தான் நடத்தியது. ஆண்டின் நடுவில் சிம்பாப்வேயின் புலவாயோவிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு மாறும் வீரருக்கு ஒரே ஆண்டில் இரண்டு பருவங்கள் விழும். புதியவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டையும் கூட்டி ஒரே பருவமாக்கிவிடுகிறார்கள்.

கழகத்தின் இடம் விற்கப்பட்டதைத் தகுதியிழப்பாக நினைப்பது

அங்கே லீக்கில் ஆடும் தகுதியை ஒரு கழகம் இன்னொன்றுக்கு விற்றுவிடலாம். ஷலுலீலே 2019–20 பருவத்தில் 16 கோல்களுடன் மலாவியின் கபாடினோ மாங்கோவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது ஹைலண்ட்ஸ் பார்க் கழகத்துக்காக. அந்தக் கழகம் 2020-ல் தன் இடத்தை டிஎஸ் கேலக்ஸிக்கு விற்றது. இதை அறியாமல் பட்டியலைப் பார்ப்பவருக்கு, ஹைலண்ட்ஸ் பார்க் தகுதியிழப்பால் கீழ்நிலை லீக்குக்கு இறங்கியதாகத் தோன்றும். சிம்பாப்வேயின் ஹைலாண்டர்ஸ் முற்றிலும் வேறு கழகம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என்ட்லோவு

என்ட்லோவு என்பது குடும்பப்பெயர். அந்தப் பெயருடைய மதிண்டா, ஆடம், பீட்டர் மூவரும் சகோதரர்கள். மூவரும் சிம்பாப்வே அணிக்கு ஆடியவர்கள். முதற்பெயர் இல்லாமல் எழுதாதீர்கள்.

ஐரோப்பாவிலிருந்து திரும்பியதோடு கதையை முடிப்பது

எம்பெசுமா 2005-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு மிகச் சில ஆட்டங்களே கிடைத்தன. பெரும்பாலான கட்டுரைகள் அந்த இடத்தில் "எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை" என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. ஆனால் அவர் போர்ச்சுகலிலும் துருக்கியிலும் ஆடிவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பி, பல கழகங்கள் மாறி, 2015–16 பருவத்தில், 32 வயதில், எம்புமலங்கா பிளாக் ஏசஸ் கழகத்துக்காக 14 கோல்கள் அடித்து லீக்கில் மீண்டும் முதலிடம் பெற்றார். முதல் உச்சத்துக்கும் இதற்கும் இடையே பதினோரு ஆண்டுகள். பருவம் முடிந்ததும் அந்தக் கழகத்தின் இடமும் விற்கப்பட்டு, கேப் டவுன் சிட்டி ஆனது. அந்த 14-உம் லீக் கோல்கள் மட்டுமே. எழுதும்போது அதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.