பாலர் பள்ளிக்குப் பணம் கட்டும் முன்: ஜோகன்னஸ்பர்க்குக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு

பிள்ளை பேசத் தாமதமானாலோ, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டாலோ ஊரில் என்ன செய்வோம்? "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதாமல் பள்ளியில் சேர்த்துவிடுவோம். இங்கே தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எழுதாமல் விட்டதெல்லாம் பின்னால் நமக்கு எதிராகவே திரும்பும்.

காகித வேலை பெரிதில்லை. முக்கியமாகக் கேட்பது பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, விசா, முகவரிச் சான்று. கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும். அரசுப் பள்ளியில் கிரேட் ஆர், அதாவது முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு, சேர அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் 5 வயது நிறைய வேண்டும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தின் ஆன்லைன் விண்ணப்பம் முதல் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும்தான். கிரேட் ஆருக்கு நேரே பள்ளியில் போய்க் கேளுங்கள்.

இனி என் நண்பர் குடும்பம் மாட்டிக்கொண்ட விஷயம். நகரின் வடக்கே ஒரு தனியார் பாலர் பள்ளி. சுற்றிக் காட்டும்போது "எல்லாக் குழந்தைகளையும் வரவேற்கிறோம்" என்றார்கள். பதிவுக் கட்டணம் கட்டியாயிற்று. இரண்டாம் பருவத்தில் அழைப்பு வந்தது: மகனுக்குத் தனியாக ஒரு ஃபெசிலிடேட்டர், அதாவது வகுப்பில் கூடவே இருக்கும் உதவியாளர், வேண்டும், சம்பளம் நீங்களே கொடுக்க வேண்டும், முடியாதென்றால் மதியத்துக்கு முன்பே கூட்டிப்போய்விடுங்கள். அந்தச் சம்பளம் இன்னொரு பள்ளிக் கட்டணம் அளவுக்கு வந்தது. கடன் வாங்கிக் கொடுத்தார்கள். உதவியாளராக வந்த பெண்ணோ காலை ரிங் நேரத்தில் மற்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடும்போது, அவனை நடைபாதைக்குக் கூட்டிப்போய் படத்துண்டுப் புதிர் அடுக்கிக் கொடுத்தாள். இதற்குப் பெயர் சேர்த்துக்கொள்வதா? கேட்டால், சேர்க்கும்போது நாங்கள் எதையும் உறுதி சொல்லவில்லையே என்றார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

உதவியாளர் வைப்பது தவறென்று சொல்லவில்லை. அவர் என்ன செய்வார், யார் பணம் கொடுப்பது, வகுப்பாசிரியர் என்ன மாற்றுவார் என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அந்தப் பையன் இப்போது நகரின் தெற்கே, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவில் ஒரு சின்னப் பாலர் பள்ளிக்குப் போகிறான். நடத்துகிறவர், கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டாலுக்கு வந்தவர்களின் வழியில் வந்த தமிழம்மா. அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனாலும் அவன் அம்மாவிடம் கேட்டு "தண்ணி", "போதும்", "வேணும்" மூன்றையும் கற்றுக்கொண்டார். அன்றைய வேலைகளைப் படங்களாகச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறார். ஒவ்வொன்று முடிந்ததும் அவனே ஒரு படத்தைக் கழற்றி டப்பாவில் போடுவான். மணி அடிப்பதை நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் விளக்கை அணைத்து மறுபடி போட்டுக் காட்டுகிறார். மற்ற பிள்ளைகளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. நம்ம ஜனம் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது.

கிரேட் ஆர் சேர்ந்த பிறகு சிரமம் தெரிந்தால், வகுப்பாசிரியரிடம் எஸ்.என்.ஏ. 1 படிவத்தை, அதாவது பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று பதியும் படிவத்தை, தொடங்கச் சொல்லுங்கள். கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கான 2014-ஆம் ஆண்டு அரசுக் கொள்கைப்படி, ஆசிரியர் தொடங்க வேண்டிய படி அதுதான். அது போதாவிட்டால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2-ஐ எடுக்கும், பிறகு மாவட்டக் குழு வரும். "நேரே சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள்" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் அசையாதீர்கள். முதலில் இந்தப் படிகள் நடக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள். குறைபாட்டைக் காரணம் காட்டி ஒதுக்கினால், 2000-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி சமத்துவ நீதிமன்றத்தில் முறையிடலாம். தனியார் பள்ளிக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

அப்புறம், பேச்சுப் பயிற்சியாளர் யாராவது வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தடைப்படாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் பாதிப் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். சோதனைக்குப் போகுமுன், உங்கள் பிள்ளை தமிழில் சொல்லும் வார்த்தைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய், அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.